பழைய இங்கிலீஷ் ஊர் சர்ச் பார்க்கப் போறீங்களா, முதல்ல உள்ள போகாதீங்க

இங்கிலாந்துல எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு பழைய கல்லு சர்ச் கண்ணுல படும். நார்ஃபோக் கவுண்டில மட்டுமே இடைக்காலத்துச் சர்ச் 650-க்கு மேல நிக்குது. டிக்கெட் கிடையாது, பெரும்பாலும் பகல்ல கதவு திறந்தே இருக்கும், உள்ள ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா நேரா கதவைத் திறந்து உள்ள போயிட்டு, கலர் கண்ணாடி நல்லாயிருக்குன்னு ரெண்டு போட்டோ எடுத்துட்டு, பத்து நிமிஷத்துல வெளிய வந்து காபி கடை தேடுறாங்க. நானும் ரெண்டு மூணு வருஷம் அப்படித்தான் பார்த்துட்டு இருந்தேன்.

அதை மாத்தினது ஒரு வயசான அம்மா. நார்ஃபோக்ல ஒரு சின்ன சர்ச்ல பூ அலங்காரம் பண்ணிட்டிருந்தாங்க, நான் சும்மா சுத்திப் பார்த்துட்டு இருந்ததைப் பார்த்துட்டு கூப்பிட்டு, ஞானஸ்நானத் தொட்டியோட விளிம்பைத் தொட்டுக் காட்டினாங்க. எதிரெதிரா ரெண்டு இடத்துல கல்லு பேர்ந்து போய் வேற கல்லு வச்சு ஒட்டியிருந்துச்சு. "இங்க பூட்டு இருந்துச்சுப்பா"ன்னாங்க. 1236-ல கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பா இருந்த எட்மண்ட், தொட்டி எல்லாத்தையும் மூடி போட்டுப் பூட்டணும்னு உத்தரவு போட்டாரு, ஏன்னா மந்திரிச்ச தண்ணி அந்தத் தொட்டியிலேயே நாள்கணக்கா கிடக்கும், அதைத் திருடிட்டுப் போய் மாந்திரீகத்துக்கு உபயோகிச்சிடுவாங்கன்னு பயம். அப்புறம் காலம் மாறி பூட்டு தேவையில்லன்னு ஆனப்போ இரும்பைப் பிடுங்கி எடுத்தாங்க, கல்லும் சேர்ந்து பேர்ந்து வந்துடுச்சு. இந்த ரெண்டு ஒட்டுக்குள்ள அம்புட்டு கதை. அன்னைக்குல இருந்து எந்தச் சர்ச்சுக்குப் போனாலும் அழகானதைத் தேடுறதை விட்டுட்டு, எங்க உடைஞ்சிருக்கு, எங்க அடைச்சிருக்கு, எங்க ஒட்டுப் போட்டிருக்குன்னுதான் முதல்ல தேடுறேன். எப்படித் தேடணும்னுதான் இங்க எழுதுறேன்.

கையில ரெண்டே பொருள் போதும், ஒரு பைனாகுலர், ஒரு நல்ல டார்ச். போன் டார்ச்சும் ஓகே, ஆனா தனி டார்ச் வச்சிருந்தா நல்லது, எதுக்குன்னு பின்னாடி சொல்றேன். ஞாயிறு காலையில ஆராதனை நடக்கும், அந்த நேரம் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. கதவு பூட்டியிருந்தா திரும்பிடாதீங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு போர்ச்ல ஒரு அட்டை ஒட்டியிருப்பாங்க, போன் பண்ணிக் கேட்டா சந்தோஷமா வந்து திறந்து விடுவாங்க.

முதல்ல வெளிய ஒரு முழுச் சுத்து சுத்துங்க. இது ரொம்ப முக்கியம், மழை பெய்தாலும் விடாதீங்க. கட்டடம் கிழக்கு மேற்கா நீளமா இருக்கும், பலிபீடம் கிழக்குல, கோபுரம் பெரும்பாலும் மேற்குல. மேற்குப் பக்கம் பெருசா இருக்கிறது நேவ், அதாவது ஜனங்க நிக்கிற கூடம். கிழக்குப் பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, கூரையும் தாழ்ந்து இருக்கும் பாருங்க, அது சான்சல், பாதிரியார் திருப்பலி வைக்கிற இடம். ரெண்டும் ஒரே கட்டடம் மாதிரி தெரிஞ்சாலும் செலவு ரெண்டு பேரோடது, நேவை ஊர்க்காரங்க பார்த்துக்கணும், சான்சலை ரெக்டர் பார்த்துக்கணும், அதாவது ஊர்ல தசமபாகம், விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு, வாங்குறவர். அதனால நேவ் பிரம்மாண்டமா, சான்சல் சின்னதா பழசா இருந்தா, ஊர்ல காசு புரண்டிருக்கு, ரெக்டர் கையை இறுக்கிட்டாருன்னு அர்த்தம். நிறைய இடத்துல ரெக்டரே ஒரு மடாலயமா இருக்கும், தசமபாகத்தை வாங்கிக்கிட்டு சான்சலுக்குக் குறைஞ்ச செலவு பண்ணுவாங்க. இந்தக் கடமை நிலத்தோட சேர்ந்தே கைமாறி வந்துச்சு, 2003-ல ஆஸ்டன் கான்ட்லோங்கிற ஊர் வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போய், அந்த நிலத்தை வச்சிருந்தவங்கதான் சான்சல் ரிப்பேர் செலவைக் கொடுக்கணும்னு தீர்ப்பாச்சு. இடைக்காலத்துக் கணக்கு நம்ம காலத்துல வந்து பில் போட்டிருக்கு.

அடுத்தது ஜன்னல். காலத்தைச் சொல்றதுக்கு இதுதான் ஈஸியான வழி. வட்ட வளைவு, தடிச்ச சுவர், வளைவு ஓரத்துல ஜிக்ஜாக் செதுக்கல்னா நார்மன், 1066-க்கு அப்புறம் சுமார் 1190 வரைக்கும். ஒடுங்கி உயரமா, மேல கூர்மையா, ஈட்டி முனை மாதிரி இருந்தா அது லான்செட், 13-ம் நூற்றாண்டு. 1300-ஐ ஒட்டி ஜன்னல் பெருசாகி, மேல் பகுதியில கல்லு இலை மாதிரி தீ மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு ஓடும், அதை டெகரேட்டட்னு சொல்றாங்க, லிங்கன்ஷயர்ல ஹெக்கிங்டன் போனா அதோட உச்சத்தைப் பார்க்கலாம். 1348-49 கொள்ளைநோய்ல ஜனத்தொகை கிட்டத்தட்ட பாதி போன காலத்தை ஒட்டி அந்த நெளிவு குறைஞ்சு, நேர்க்கோடா மேல ஓடுற கல்லுக் கம்பிகள், சுவரையே தின்னுட்ட மாதிரி பெரிய பெரிய ஜன்னல்னு ஆகுது, அதுக்குப் பேர் பெர்பெண்டிகுலர், 1530-கள் வரைக்கும் ஓடுச்சு. இந்தப் பேர் எல்லாம் கட்டினவங்க வச்சது கிடையாது, தாமஸ் ரிக்மன்னு ஒருத்தர் 1817-ல வகை பிரிச்சு வச்சது. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, ஜன்னல் சொல்றது ஜன்னலோட வயசைத்தான், சுவரோட வயசை இல்ல. பழைய சுவர்ல ஓட்டை போட்டுப் புது ஜன்னல் வைக்கிறது அப்போ சர்வ சாதாரணம். அதனால ஜன்னலைப் பார்த்துட்டு அதைச் சுத்தி இருக்கிற கல்லைப் பாருங்க, பக்கத்துலயே ஒரு சின்ன வட்ட வளைவு பாதி அறுந்து சுவருக்குள்ள புதைஞ்சு தெரியும் சில இடத்துல, அதுதான் முதல்ல இருந்த ஜன்னல்.

நார்மனுக்கும் முந்தின சாக்சன் வேலை வேணும்னா கட்டட மூலையைப் பாருங்க, ஒரு நீளக் கல்லை நட்டமா நிறுத்தி, அடுத்ததைப் படுக்க வச்சு, மறுபடி நட்டமா, இப்படி மாறி மாறிப் போகும். நார்தாம்ப்டன்ஷயர்ல எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரம் இதுக்குப் பேர் போனது. டரம் கவுண்டில எஸ்கோம்ப்னு ஒரு சின்ன சர்ச் இருக்கு, 7-ம் நூற்றாண்டு, பக்கத்துல பின்செஸ்டர்ல இடிஞ்சு கிடந்த ரோமானியக் கோட்டைக் கல்லையே கொண்டு வந்து கட்டியிருக்காங்க, ஒரு கல்லுல ரோமானியப் படையோட ஆறாவது லீஜன் பேர் வெட்டியிருக்கு, அதுவும் தலைகீழா! வச்ச கொத்தனாருக்கு எழுத்து தெரியல, இல்ல தெரிஞ்சும் கண்டுக்கல, எதுவா இருந்தாலும் அந்தக் கல்லு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன்.

கோபுரத்தோட கிழக்கு முகத்தை அண்ணாந்து பாருங்க. இப்போ இருக்கிற கூரைக்கு மேல தலைகீழ் வி வடிவத்துல ஒரு தழும்புக் கோடு தெரியும் பல சர்ச்ல. அது பழைய கூரை ஒட்டியிருந்த இடம். முன்னாடி ஓலையோ ஓடோ போட்ட செங்குத்துக் கூரை, 15-ம் நூற்றாண்டுல வெளிச்சம் வேணும்னு சுவரை உயர்த்தி மேல ஒரு வரிசை ஜன்னல் வச்சு, ஈயத் தகடு போட்ட தட்டையான கூரையா மாத்தினாங்க. அந்தக் கோடு தெரிஞ்சா சர்ச் எவ்வளவு வளர்ந்திருக்குன்னு அளந்தே சொல்லிடலாம்.

தெற்குச் சுவர்ல, கதவு பக்கத்துல, கண் மட்டத்துக்கு ஒரு சின்ன வட்டம் கீறியிருக்கும், நடுவுல ஒரு ஓட்டை, அதுல இருந்து கோடு கோடா இறங்கும். பார்த்தா பசங்க கிறுக்கின மாதிரி இருக்கும். அது மாஸ் டயல், ஓட்டையில ஒரு குச்சி சொருகினா நிழல் கோட்டுல விழும்போது திருப்பலி நேரம்னு தெரியும். இது வெயிலே படாத இடத்துல, போர்ச்சுக்குள்ளயோ வடக்குச் சுவர்லயோ இருந்துச்சுன்னா துள்ளிக் குதிங்க, ஒண்ணு போர்ச்சைப் பின்னாடி கட்டியிருக்காங்க, இல்ல அந்தக் கல்லு வேற இடத்துல இருந்து வந்திருக்கு.

கூரை ஓரத்துல சின்னச் சின்னத் தலைகள் துருத்திக்கிட்டு இருந்தா பைனாகுலரை எடுங்க. ஹெர்ஃபோர்ட்ஷயர்ல கில்பெக் சர்ச்ல, சுமார் 1140-ல செதுக்கினது, இப்படி 80-க்கு மேல இருக்கு. நாயும் முயலும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கிறது பார்த்தா நேத்து வரைஞ்ச கார்ட்டூன் மாதிரி இருக்கும், அந்தச் சிவப்புக் கல்லு 900 வருஷ மழையைத் தாங்கியிருக்கு.

சரி, இப்போ போர்ச். இதை வெறும் மழைக்கு ஒதுங்குற இடம்னு நினைச்சுடாதீங்க, கல்யாணத்தோட முதல் பாதி இந்த வாசல்லதான் நடக்கும், ஊர்ப் பஞ்சாயத்து, கடன் பைசல் எல்லாம் இங்கதான், அதான் ரெண்டு பக்கமும் கல்லுத் திண்ணை. கதவுக்கு வலது கைப் பக்கம் சுவர்ல ஒரு சின்னக் குழி, பாதி உடைஞ்ச கிண்ணம் மாதிரி இருக்கா? உள்ள வர்றவங்க விரல் நனைச்சு சிலுவை போட்டுக்கிட்ட தீர்த்தக் கிண்ணம் அது. உடைச்சது 16-17-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரங்க, அதாவது கத்தோலிக்க வழக்கத்தை எதிர்த்த புராட்டஸ்டன்ட்காரங்க. கதவுக்கு மேல காலி மாடம் இருந்தா அங்க ஒரு புனிதர் சிலை இருந்திருக்கும், அதையும் அவங்கதான் எடுத்தது. உள்ள போனா இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும், அதனால வருஷக் கணக்கை இங்கயே சொல்லிடுறேன், எட்டாம் ஹென்றி காலத்துல ரோமோட உறவு அறுந்தது 1534, ஆறாம் எட்வர்ட் காலத்துல 1547-ல இருந்து 1553 வரைக்கும் படம் சிலை எல்லாத்தையும் அழிச்சது, மேரி ராணி அஞ்சு வருஷம் எல்லாத்தையும் திருப்பி வைக்கச் சொன்னது, எலிசபெத் வந்து மறுபடி எடுக்கச் சொன்னது, அப்புறம் 1640-கள்ல அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் சமயத்துல மிச்சம் இருந்ததையும் உடைச்சது. ஒரே ஆயுசுல ஒரு ஊர்க்காரன் நாலு தடவை தன் சர்ச் உள்ளுக்குள்ள தலைகீழா மாறுறதைப் பார்த்திருப்பான். இதை மனசுல வச்சுக்கிட்டாதான் உள்ள இருக்கிற தழும்பு எல்லாம் பேசும்.

கதவைத் திறந்து உள்ள போனதும் நேரா பலிபீடத்துக்கு நடக்காதீங்க. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரைப் பாருங்க. தெற்கு வாசல்னா வடக்குச் சுவர். அங்க ஒரு ராட்சத ஆள் தோள்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆத்தைக் கடக்குற ஓவியம் மங்கலா இருக்கலாம், அதுதான் புனித கிறிஸ்டோபர். காலையில அவர் முகத்தைப் பார்த்துட்டா அன்னைக்கு ஒரு நாளாவது திடீர்ச் சாவு வராதுன்னு நம்பிக்கை, வயலுக்குப் போற வழியில கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டுப் போறவங்களுக்காகத்தான் வாசலுக்கு எதிர்ல பெருசா வரைஞ்சிருக்காங்க. வெறும் வெள்ளைச் சுவரா இருந்தாலும் ஏமாற வேண்டாம். இடைக்காலத்துல இந்தச் சுவர் முழுக்க கலரா இருந்துச்சு, சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க, மூடினதாலயே நிறைய தப்பிச்சிடுச்சு. யார்க்ஷயர்ல பிக்கரிங்ல 1852-ல சுண்ணாம்புக்கு அடியில மொத்தச் சுவரும் படமா வெளிய வந்துச்சு, ஜனங்க பிரசங்கம் கேக்காம படம் பார்ப்பாங்கன்னு அப்போ இருந்த விகார், அதாவது ஊர்ப் பாதிரியார், மறுபடி சுண்ணாம்பு அடிக்க வச்சார், சில பத்து வருஷம் கழிச்சுதான் திரும்ப எடுத்தாங்க.

இப்போ தொட்டி. பெரும்பாலும் வாசல் பக்கத்துலயே இருக்கும், ஞானஸ்நானம்தான் சபைக்குள்ள நுழையுற வாசல்ங்கிறதால. கட்டடத்தை எத்தனை தடவை இடிச்சுக் கட்டினாலும் தொட்டியை மட்டும் வச்சுக்கிறது வழக்கம், அதனால பல ஊர்ல உள்ள இருக்கிறதுலயே வயசானது இதுதான். நார்ஃபோக் கடற்கரையோரம் பர்ன்ஹாம் டீப்டேல்ல இருக்கிற நார்மன் தொட்டியில பன்னிரண்டு மாசத்துக்கும் பன்னிரண்டு வேலை செதுக்கியிருக்கு, மண்ணு கொத்துறது, அறுவடை, நவம்பர்ல பன்னி வெட்டுறது, டிசம்பர்ல விருந்து. சாமி படமே இல்லாம உழவன் வாழ்க்கையை ஞானஸ்நானத் தொட்டியில வச்சிருக்காங்க, எனக்கு இங்கிலாந்துலயே பிடிச்ச தொட்டி இதுதான். நார்ஃபோக், சஃபோக் ரெண்டுலயும் எட்டுப் பக்கம் உள்ள 15-ம் நூற்றாண்டுத் தொட்டிகள் நிறைய, சிலதுல ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரி ஏழு அருட்சாதனச் சடங்கும் ஆளுக்கு ஒரு பக்கமா இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தா முகம் மட்டும் உளியால சீவியிருக்கும். தொட்டியில 1660-களோட வருஷம் வெட்டியிருந்தா அதுவும் கதைதான், போர்க்காலத்துல பழசைத் தூக்கிப் போட்டுட்டு, 1660-ல அரசர் திரும்பி வந்ததும் புதுசு செஞ்சிருக்காங்க.

சஃபோக்ல அஃபர்டுங்கிற ஊருக்கு முடிஞ்சா கட்டாயம் போங்க. அங்க தொட்டியே பெருசில்ல, மூடிதான் விஷயம், 15-ம் நூற்றாண்டு மர வேலை, 18 அடி உயரம், உச்சியில தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுக்கு ரத்தம் ஊட்டுற பெலிக்கன் பறவை. கீழ்ப் பகுதியை மேல தள்ளினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிக்கும். 1644-ல வில்லியம் டௌசிங் அங்க வந்தார், பாராளுமன்றத்துப் பக்கம் நியமிச்ச ஆள், கேம்பிரிட்ஜ்ஷயர் சஃபோக்ல 200-க்கு மேல சர்ச்சுகளுக்குப் போய் எத்தனை படம் எத்தனை சிலை உடைச்சேன்னு டைரி எழுதி வச்சவர். அஃபர்டுக்கு ரெண்டாவது தடவை வந்தப்போ சர்ச் வார்டன்கள், அதாவது சர்ச்சைப் பார்த்துக்கிற ஊர்க்காரங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல அவரை உள்ள விடலையாம், அவரே எழுதியிருக்கார். அந்த மூடியைப் பார்த்துட்டு போப்போட மூணடுக்குக் கிரீடம் மாதிரி இருக்கு, மேல பெலிக்கன், எல்லாம் தங்கப் பூச்சுன்னு எழுதிட்டு, உடைக்காம போயிட்டார். ஏன்னு அவர் எழுதல.

அப்புறம் தொட்டி பக்கத்துல நின்னு கிழக்கே பாருங்க. ரெண்டு பக்கமும் தூண் வரிசை, அதுக்கு அந்தப் பக்கம் ஐல், அதாவது பக்கக் கூடம். ஒரு பக்கத் தூண் குண்டா வட்ட வளைவோடயும், இன்னொரு பக்கம் ஒல்லியா கூர் வளைவோடயும் இருந்தா ரெண்டும் வேற வேற தலைமுறை. கூட்டம் பெருகினப்போ பழைய வெளிச்சுவரை இடிக்காம, அதுலயே வளைவு வெட்டித் தூணாக்கி, வெளிய ஒரு ஐல் சேர்த்துக்கிட்டாங்க. வளைவுக்கு மேல இருக்கிற சுவர்ல பழைய ஜன்னல் ஒண்ணு உள்ளயே மாட்டிக்கிட்டு எங்கயும் திறக்காம இருந்தா அதுதான் சாட்சி.

டார்ச் இப்போதான். சுவருக்கு நேரா அடிக்காதீங்க, சுவரோட ஒட்டி, பக்கவாட்டுல படுக்க அடிங்க. தூண்ல வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் எழும்பி வரும், காம்பஸ் வச்சு வரைஞ்ச பூ, கப்பல், கை, கொத்தனார் அடையாளம். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல ஆஷ்வெல் சர்ச் கோபுரத்துக்கு உள்ள சுவர்ல லத்தீன்ல கீறியிருக்கு, கொள்ளைநோய் முடிஞ்ச 1350-ல, பரிதாபமான கொடூரமான வருஷம், சாட்சி சொல்ல ஜனங்கள்ல கசடு மட்டும் மிஞ்சியிருக்குன்னு. அதே இடத்துல 1361-ங்கிற வருஷத்தோட, இப்போ நம்ம கணக்குல 1362 ஜனவரி, புனித மௌரஸ் நாள்ல அடிச்ச பெரும் காத்தைப் பத்தியும் ஒரு வரி. கீறினவர் பேர் இல்ல. கை வைக்காம, சாக் பென்சில் தேய்க்காம, வெளிச்சத்தாலயே படிங்க.

நேவும் சான்சலும் சேர்ற இடத்துல மரத் தடுப்பு இருந்தா அது ரூட் ஸ்கிரீன். மேல ஒரு பரண், அதுக்கும் மேல பெரிய சிலுவை, ஒரு பக்கம் மரியா, இன்னொரு பக்கம் யோவான். அந்தச் சிலுவை ஒண்ணுகூட இடைக்காலத்துல இருந்தபடியே நிக்கல. ஆனா 1561-ல எலிசபெத் அரசு பரணை எடுங்க, தடுப்பு இருக்கட்டும்னு சொன்னதால கீழ்ப்பாதி பல ஊர்ல தப்பிச்சது. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, பக்கச் சுவர்ல ஒரு குட்டிக் கதவு, உள்ள ஒடுக்கமான படிக்கட்டு, மேல இன்னொரு கதவு திறந்தா வெறும் ஆகாசம், இதைப் பார்த்தா அங்க பரண் இருந்துச்சு. தடுப்போட கீழ்ப் பலகையில புனிதர்கள் ஓவியம் இருக்கும், முகத்தை மட்டும் கீறியிருக்கிறதையும் பார்ப்பீங்க. ரொம்ப நல்லா மிஞ்சினது நார்ஃபோக்ல ரான்வொர்த், அங்க மைக்கேல் தேவதூதர் ஏழு தலை டிராகனை மிதிக்கிற பலகையை முட்டி போட்டு உக்காந்து பாருங்க. பக்கத்துலயே லட்ஹாம், தடுப்புல 1493-னு வருஷம் எழுதியிருக்கு, மேல வளைவை அடைச்ச பலகையில ஒரு பக்கம் மேரி ராணி காலத்துல அவசரமா திருப்பி வரைஞ்ச சிலுவைக் காட்சி, மறுபக்கம் எலிசபெத்தோட அரச சின்னம். ஊர்க்காரங்க எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் தயாரா இருந்திருக்காங்க.

சஃபோக் வென்ஹாஸ்டன் கதையைச் சொல்லாம இருக்க முடியாது. சான்சல் வளைவை அடைச்சிருந்த பழைய வெள்ளைப் பலகைகளை 1892-ல ரிப்பேர் வேலையில கழட்டி, எரிக்கிறதுக்காகக் கல்லறைத் தோட்டத்துல போட்டாங்க. ராத்திரி மழை. காலையில பார்த்தா சுண்ணாம்பு கரைஞ்சு இறுதித் தீர்ப்பு ஓவியம் முழுசா முழிச்சுப் பார்க்குது, பேய் ஆளுங்களைச் சங்கிலி போட்டு நரக வாய்க்குள்ள இழுக்குது, மைக்கேல் தராசு பிடிச்சு நிக்கிறார். இப்போ உள்ளயே மாட்டியிருக்கு. அதுல படத்தைவிட என்னை நிறுத்தினது படம் இல்லாத இடம், சிலுவையும் ரெண்டு ஆளும் நின்ன வடிவத்துல வெறும் மரம் தெரியுது, ஏன்னா அங்க மரச் சிற்பம் பொருத்தியிருந்தாங்க, அதுக்குப் பின்னாடி யாரும் வரையல. காணாமப் போன சிலுவையோட நிழலைப் பலகை பத்திரமா வச்சிருக்கு.

சான்சலுக்குள்ள தெற்குச் சுவர்ல மாடத்துல ஒரு கல்லுக் கிண்ணம், நடுவுல ஓட்டை, அதுதான் பிசினா, திருப்பலிக் கிண்ணம் கழுவின தண்ணி அது வழியா நேரா புனித மண்ணுக்குள்ள போகும். இதுல ஒரு சூட்சுமம், ஐல் கடைசியிலயோ எதிர்பாராத ஒரு சுவர்லயோ பிசினா இருந்தா அங்க ஒரு பலிபீடம் இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லலாம், மத்ததெல்லாம் போனாலும் இந்தக் குழி போகாது. பக்கத்துல படிப்படியா மூணு கல்லு இருக்கை செடிலியா, பாதிரியாரும் ரெண்டு உதவியாளரும் உக்கார. வடக்குச் சுவர்ல செதுக்கின மாடம் இருந்தா ஈஸ்டர் கல்லறையா இருக்கலாம், புனித வெள்ளில இருந்து ஈஸ்டர் காலை வரைக்கும் நற்கருணையை அதுல வச்சுக் காவல் இருப்பாங்க. ஹெக்கிங்டன்ல கீழ தூங்குற படைவீரர்களோட அது அப்படியே இருக்கு. மர இருக்கைகள் இருந்தா, ஷ்ராப்ஷயர் லட்லோ மாதிரி, மெதுவா தூக்கி அடியில பாருங்க. ரொம்ப நேரம் நிக்கிறவங்க சாஞ்சுக்கிறதுக்காக வச்ச சின்ன விளிம்பு, அதுக்கு அடியில செதுக்கல், அதுக்குப் பேர் மிசரிகார்ட்.

தரையில பித்தளைத் தகடு பதிச்ச கல்லறை இருக்கான்னு கம்பளத்து ஓரத்தைப் பாருங்க. காட்ஸ்வோல்ட்ஸ்ல நார்த்லீச்ல கம்பளி வியாபாரிகள் தகடு வரிசையா இருக்கு, 1458-ல செத்த ஜான் ஃபோர்ட்டி ஒரு கால் ஆட்டு மேலயும் ஒரு கால் கம்பளி மூட்டை மேலயும் வச்சு நிக்கிறார். அந்த சர்ச்சோட மேல் ஜன்னல் வரிசைக்குக் காசு கொடுத்தது அவர்தான். ஏன் கொடுத்தார்ங்கிறதுக்குத் தகட்டோட ஓரத்தைப் படிக்கணும், இந்த மாதிரி தகடுல வழக்கமா இன்னார் ஆத்மாவுக்காக ஜெபியுங்கன்னு லத்தீன்ல ஆரம்பிக்கும். செத்த ஆத்மா சொர்க்கம் போறதுக்கு முன்னாடி பாவம் கழுவுற உத்தரிப்பு ஸ்தலத்துல படுற கஷ்டம் குறையணும்னா யாராவது ஜெபிக்கணும், ஜெபிக்கணும்னா பேர் ஞாபகம் இருக்கணும். லாங் மெல்ஃபர்ட்ல கொடையாளிகள் பேரை வெளிச்சுவர்ல சுத்தி ஓடுற மாதிரி ஃப்ளின்ட் கல்லு நடுவுல எழுத்தாவே பதிச்சிருக்காங்க. சீர்திருத்தம் வந்ததும் பல ஊர்ல அந்த ஜெபியுங்கங்கிற வார்த்தைகளை மட்டும் தகட்டுல சுரண்டிட்டு மீதியை விட்டாங்க, சுரண்டினது இருக்கான்னு விரல் வைக்காம பாருங்க. தகடே போய் வடிவம் மட்டும் பள்ளமா இருந்தா பித்தளைக்காகப் பிடுங்கியிருக்காங்க.

கலர் கண்ணாடி பெரும்பாலும் விக்டோரியா காலத்தது. பழசு வேணும்னா ஜன்னலோட உச்சி மூலையைப் பாருங்க, உடைக்க எறிஞ்ச கல்லு எட்டாத இடம், அங்கதான் ஒரு தேவதூதன் தலையோ இறக்கையோ தப்பிச்சிருக்கும். முழுசா பார்க்கணும்னா க்ளோஸ்டர்ஷயர்ல ஃபேர்ஃபர்ட், ஜான் டேம்ங்கிற கம்பளி வியாபாரியும் மகன் எட்மண்டும் கட்டினது, 1500-ஐ ஒட்டின 28 ஜன்னலும் இருக்கு. மேற்கு ஜன்னல் மேல் பாதி மட்டும் 1703 புயல்ல அடிபட்டது.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பெஞ்சுல உக்காந்து கழுத்தைச் சாய்ச்சு கூரையைப் பாருங்க. கேம்பிரிட்ஜ்ஷயர் மார்ச் ஊர்ல கூரை முழுக்க நூத்துக்கு மேல மரத் தேவதூதர்கள் இறக்கையை விரிச்சு நிக்கிறாங்க. சஃபோக் ப்ளைத்பர்ல சாயம் மங்கின தேவதூதர்கள் உடம்புல ஈயக் குண்டு இருந்துச்சு, டௌசிங் ஆளுங்க சுட்டதுன்னு ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம்தான் அது 18-ம் நூற்றாண்டுல கூரைக்குள்ள புகுந்த காக்கா இனப் பறவைகளை விரட்டச் சுட்டதுன்னு தெரிஞ்சது. அங்க பெஞ்சு ஓரத்துல மரத்துல செதுக்கின சோம்பேறி ஒருத்தன் படுக்கையில உக்காந்திருப்பான், பார்க்காம வராதீங்க.

சீர்திருத்தத்துக்கு அப்புறம் வந்த பொருட்களை வேகமா பார்த்துடலாம், சுவர்ல அரச சின்னம், பத்துக் கட்டளைப் பலகை, கதவு வச்ச பெட்டி மாதிரி பெஞ்சுகள், விட்பி செயின்ட் மேரில இருக்கிற மாதிரி மூணடுக்குப் பிரசங்க மேடை. பல பூட்டு போட்ட மரப்பெட்டி இருந்தா அதுல நகை மட்டும் இல்ல, பதிவேடும் இருந்துச்சு, 1538-ல தாமஸ் க்ராம்வெல் ஒவ்வொரு ஊர்லயும் ஞானஸ்நானம் கல்யாணம் அடக்கம் மூணையும் எழுதி வைக்கணும்னு உத்தரவு போட்டார். ஒரே ஆள் திறக்க முடியாதபடி சாவியைப் பாதிரியாரும் வார்டன்களும் பிரிச்சு வச்சுப்பாங்க.

கடைசியா, ஏமாறாம இருக்க ஒரு டெஸ்ட். செதுக்கல் ஓரம் கத்தி மாதிரி கூர்மையா, தரை ஓடு பளபளன்னு, எல்லா பெஞ்சும் அச்சு எடுத்த மாதிரி இருந்தா அது 19-ம் நூற்றாண்டு ரிப்பேர். அந்தக் காலத்துல உள்சுவர்ப் பூச்சைக் கல்லு தெரியுற வரைக்கும் சுரண்டிட்டாங்க, ஓவியமும் சேர்ந்து போச்சு, எனக்கு உடைச்சவங்களைவிட இப்படிச் சுத்தம் பண்ணவங்க மேலதான் ஆதங்கம் அதிகம், ஏன்னா உடைச்சவங்க தழும்பையாவது விட்டுட்டுப் போனாங்க. வில்லியம் மோரிஸ் இதை எதிர்த்துதான் 1877-ல பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பிச்சார், பழசை அப்படியே தாங்கிப் பிடிங்க, புதுசாக்காதீங்கன்னு.

அவர் அக்கறையால தப்பிச்ச ஒண்ணு வில்ட்ஷயர் ஓரத்துல தேம்ஸ் பக்கம் இருக்கிற இங்கிள்ஷம். ஃபேர்ஃபர்ட்ல இருந்து கார்ல கொஞ்ச தூரம், ஒரே நாள்ல ரெண்டையும் பார்க்கலாம், காலையில ஃபேர்ஃபர்ட் கண்ணாடி, மதியம் இங்கிள்ஷம். சுவர்ல ஒரு நூற்றாண்டு எழுத்து மேல இன்னொரு நூற்றாண்டு எழுத்து, அதுக்கடியில ஓவியம், எல்லாம் ஒண்ணா உரிஞ்சு தெரியும். பெட்டி பெஞ்சு கோணல்மாணலா நிக்கும். உள்ள போனதும் மரியாவும் குழந்தையும் செதுக்கின ஒரு சாக்சன் கல்லைத் தேடுங்க, ரொம்ப காலம் வெளித் தெற்குச் சுவர்ல இருந்துட்டு 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல உள்ள வந்தது. டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிங்க. வெளிய இருந்த காலத்துல யாரோ அதையே நிழல் கடிகாரமா ஆக்கி, ஓட்டை போட்டுக் கோடு கீறியிருக்காங்க. உண்டியல்ல காசு போட்டுட்டு, குருவி உள்ள போயிடாம கம்பிக் கதவைச் சாத்திட்டு வாங்க.